எழுதிப் போடுண்ணா

சாலவாக்கம் பஸ் நிறுத்தத்தில் எஸ்டிடி பூத் வைத்திருந்த ஞானசுந்தரிக்கு டெலிபோன் என்றாலே இளப்பம். போலியோ வந்த காலுக்காக அரசாங்கம் கொடுத்த பூத் அது. அப்பா கட்டிய வீட்டின் முன்னறையில் பதினோரு வருஷமாக நடத்திவந்தாள். கண்ணாடிக் கூண்டு என்றுதான் பேர். உள்ளே குசுகுசுத்தாலும் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கேட்கும். கேட்டுக் கேட்டு ஊரார் மேல் இருந்த மரியாதையெல்லாம் போய்விட்டது.

எதிர் டீக்கடையில் பாதி கிளாஸை வைத்துவிட்டு வந்து, "தாம்பரம் தாண்டிக்கினு கீறேன்" என்பான் ஒருவன். சம்பந்தியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நம்பரை அழுத்தும் பெரிய மனுஷர், அந்தப் பக்கம் எடுத்ததும் தேனாக உருகுவார். வைத்த கையோடு மறுபடி திட்டு. முகத்தைக் காட்டாமல் பொய் சொல்வதற்கென்றே கண்டுபிடித்த சாமான் இது என்பது அவள் கட்சி. இந்த யோக்கியர்களின் எச்சிலை ரிசீவரிலிருந்து துடைத்ததுதான் அவள் கண்ட மிச்சம்.

இரண்டாயிரத்து இரண்டில் உத்திரமேரூரில் தேவகி என்பவள் பிரவுசிங் சென்டர் திறந்தாள். அது முதல் ஞானசுந்தரி வாரம் தவறாமல் டவுன் பஸ் ஏறிப் போய் மெயில் அனுப்பினாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒற்றை விரலால் தட்டுவாள்.

"பூத்து வச்சிக்கினு மெயிலுக்கு வரியேக்கா" என்று தேவகி சிரித்தாள்.

"அதனாலதான் வரேன். வாயால சொன்னத இல்லன்னுடுவாங்க. எழுதினத இன்னா பண்ணுவாங்க?"

அனுப்பியதெல்லாம் ஒரே ஆளுக்குத்தான். அண்ணன் ராஜாராம் மஸ்கட்டில் கம்பெனி வேலையில் இருந்தான். அப்பா செத்ததும் வீட்டுப் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டிருந்தான். இப்போது விற்கப்போகிறான் என்று ஊரில் பேச்சு. விற்றால் பூத்தும் போச்சு, அவள் படுக்க இடமும் போச்சு. என் பங்கைத் தருவாயா, மாட்டாயா, மெயிலில் பதில் எழுது என்று வாராவாரம் கேட்டாள்.

மெயிலுக்கு மெயில் வராது. பூத்துக்குப் போன் வரும்.

"சுந்தரிம்மா, நாஷ்டா துன்னியா? கால் வலி எப்டிக் கீது? வூடு எங்கம்மா பூடும், உனுக்கு இல்லாததா?"

"அத்தத்தான் எழுதிப் போடுண்ணா."

"கூடப் பொறந்தவனாண்ட எழுதி வாங்குவியா? ஊரே சிரிக்கும்."

ஊர் சிரிக்குமாம். அந்த ஊரின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா? இருந்தும் கால் வலியை அண்ணன் விசாரித்த நாளில் அவள் ராத்திரிச் சோற்றை நிம்மதியாகத் தின்றாள்.

எட்டு மாதம் இப்படியே இழுத்தவன், தை மாதக் கடைசியில் மெயில் போட்டான். மூன்றே வரி. வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. ஒண்டிக்கட்டைக்கு வீடு எதற்கு, பங்கு எதற்கு. சித்திரைக்குள் சாமானை எடுத்துக்கொள். கீழே 'அன்புடன்' என்பதை மட்டும் கம்பெனி கம்ப்யூட்டர் தானாகவே போட்டிருந்தது.

ஊரார் பொய்யையெல்லாம் கரைத்துக் குடித்தவள், அண்ணன் குரலை மட்டும் கொஞ்சம் நம்பியிருக்கிறாள். அதை நினைக்க, தன்மேலேயே கேவலமாக இருந்தது. இரண்டு பிரிண்ட் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிப் பூத்தைத் திறந்ததும் மணி அடித்தது. பேசுவதற்கு இரண்டு பேர் வாசலில் காத்திருந்தார்கள்.

"மெயில் பாத்தியாம்மா? ஏதோ கோவத்துல எழுதிட்டேன். மனசுல வச்சிக்காத. உன்ன நடுத்தெருவுல வுட்டுருவேனா? அண்ணன் கீறேன் இல்ல?" குரல் தழுதழுத்தது. மூக்கைக்கூட உறிஞ்சினான்.

"இத்தயும் மெயில்ல எழுதுண்ணா. அத்தோட சேத்து வக்கீலாண்ட குடுத்துடறேன்."

தழுதழுப்பு பட்டென்று நின்றது.

"எந்த வக்கீல்டி?"

பதினோரு வருஷத்தில் அந்தக் குரலை அவள் போனில் கேட்டதே இல்லை. மூன்று வரி எழுதியவனின் குரல் அதுதான். ரிசீவரை வைத்துவிட்டு, காத்திருந்தவர்களில் முதல் ஆளை உள்ளே போகச் சொன்னாள்.