எங்களையும் லயத்து ஆள் என்று நினைத்துவிட்டார்கள்

அப்பாவுக்கு ஓட்டு இருந்தது. அவர் பெரிய கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் யாருக்கும் அது இல்லை. தேர்தல் நாளில் வெளுத்த வெள்ளைக் காற்சட்டையோடு மாத்தளைக்குப் புறப்படுவார். கொழுந்து பறிக்கிறவர்கள் நிற்கும் மலைப்பாதையில் வேண்டுமென்றே மெதுவாக நடப்பார்.

"பிரஜா உரிமை சும்மா வராது. அதுக்குத் தகுதி வேணும்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்வார். அண்ணன் தலையாட்டுவான். நானும் ஆட்டுவேன். அப்பா எந்தக் கட்சி என்று கேட்டால், ஆளுகிற கட்சி. ஆட்சி மாறிய கையோடு எங்கள் முன்னறையில் தொங்கிய தலைவர் படமும் மாறும். பழைய படத்தை அம்மா அடுப்பில் வைப்பாள்.

மாதாகோயிலில் எங்களுக்கு உட்கார முன்வரிசை மரவாங்கு. லயத்துக் கிறிஸ்தவர்கள் பின்னால் பாயில் உட்கார்ந்தார்கள். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்குப் பின்வாசலில் தனியாக ஒரு தகரக் குவளை கவிழ்த்து வைத்திருக்கும். அவள் அண்ணனைவிடப் பல வயது மூத்தவள், கல்யாணமானவள். அண்ணன் சிறுவனாக இருந்தபோதே அவளை "ஏய்" என்றுதான் கூப்பிட்டான். யாரும் அவனைத் திருத்தவில்லை.

சிங்களக் கும்பல்கள் தமிழர்களைத் தாக்கிய எண்பத்து மூன்று ஜூலையில் மாத்தளை எரிந்தது. டவுனிலிருந்து ஓடி வந்தவர்கள் கடைகள் எரிவதைச் சொன்னார்கள். கோயில் எரிவதைச் சொன்னார்கள். அப்பா நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

"நம்மள ஒண்ணும் செய்யமாட்டாங்க. நான் அவங்களுக்கே ஓட்டுப் போட்ட ஆளு."

அடுத்த நாள் பகல் ஆட்கள் நிறைந்த ஒரு லொறி தோட்டத்துப் பாதையில் ஏறி வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னால் நின்றது. அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். சுத்தமான சிங்களத்தில், "மாத்தயா, நாங்கள் லயத்து ஆட்கள் இல்லை" என்று ஆரம்பித்தார். முன்னால் நின்றவன் அறைந்தான். அப்பாவின் கண்ணாடி பூச்சட்டிக்குள் போய் விழுந்தது.

பின்கதவைத் திறந்து எங்களை இழுத்தது அந்த வேலைக்காரப் பெண்தான். ஒரு கையில் அம்மா, மறுகையில் நான். அண்ணன் அப்பாவைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்தான். தேயிலைக்குள் குனிந்து குனிந்து மேல் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே லொறி ஏறமுடியாது. அங்கிருந்து பார்த்தபோது எங்கள் கூரை எரிந்துகொண்டிருந்தது.

அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் புகை மண்டியிருந்தது. பாயை உதறிப் போட்டு எங்களை உட்கார வைத்தாள். பெட்டிக்குள் இருந்த நல்ல கோப்பைகளை எடுத்துக் கழுவி, பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அம்மா அண்ணனுக்கென்று ஒரு கோப்பையை வாங்கினாள். அதன் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கோப்பையைத் திருப்பி மறுபக்கமும் துடைத்தாள். கொடுத்தவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடுதும்மா. தம்பிய ஊதிக் குடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

எனக்குப் பெற்ற தாயைப் பார்த்து அருவருத்தது அன்றுதான் முதல் தடவை. ஆமி வந்து எங்களை அகதி முகாமுக்கு ஏற்றும்வரை அந்த வேலைக்காரப் பெண்ணின் புருஷன் எங்களுக்காக வெளியே குளிரில் படுத்தான். அவனுக்கும் எங்கள் வீட்டார் நன்றி சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

குவார்ட்டர்ஸுக்குப் புதுக் கூரை போட்டதும் திரும்பி வந்தோம். முதல் சாப்பாட்டின்போதே அப்பா தொடங்கினார்.

"அவனுங்களுக்கு ஆள் வித்தியாசம் தெரியல. நம்மளையும் லயத்து ஆளுன்னு நினைச்சிட்டானுங்க."

வீடு எரிந்தது அவருக்குக் குறையில்லை. ஆள் மாறிவிட்டது என்பதுதான் குறை.

"அப்ப லயத்தைக் கொளுத்தியிருந்தா சரியாப்பா?" என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பதில் அண்ணனிடமிருந்து வந்தது. "அவங்க சங்கம் வச்சுச் சத்தம் போடாம இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?"

அப்பா தலைநிமிர்ந்து மகனைப் பார்த்தார். மகன் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அப்படி ஒரு பூரிப்பை அந்த முகத்தில் நான் கண்டதில்லை.

அப்பா செத்துப்போனார். அண்ணன் டவுனில் ஹார்ட்வெயார் கடை போட்டான். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். ஒருவழியாக லயத்து ஆட்களுக்கும் பிரஜா உரிமை வந்தது. உடனே அவர்களுக்கு மரியாதையும் வந்தது. ஒரு தேர்தலில் அண்ணன் ஒரு வேட்பாளரை லயம் லயமாகக் கூட்டிக்கொண்டு வந்தான். எண்பத்து மூன்றில் எங்கள் வாசலுக்கு வந்த லொறி அந்த மனிதருடையது. டவுனில் அது தெரியாதவர் இல்லை.

"லொறி யாரோடதுன்னு தெரியுமா, தெரியாதா?" என்று அண்ணனைத் தனியே இழுத்துக் கேட்டேன்.

"தெரியும். அதுக்கென்ன இப்ப? அவரு இனி நம்ம ஆளு."

மேல் லயத்தில் அந்தப் பெண்ணின் வாசலுக்குப் போய், "அக்கா, சொகமா இருக்கீங்களா?" என்றான். அவள் கொடுத்த சாயத்தண்ணியை எல்லோரும் பார்க்க நின்று குடித்துவிட்டு ஓட்டுக் கேட்டான். "உங்களுக்கு இல்லாமயா தம்பி" என்று அவள் சிரித்தாள். இறங்கும் வழியில் தண்ணீர்ப் பீலியடியில் நின்று வாய் கொப்பளித்தான். கொப்பளித்துக் காறிக் காறித் துப்பினான். வேட்பாளர் சத்தமாகச் சிரித்தார்.

பிறகு அவளைக் கண்டபோது யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று கேட்டேன். "தம்பி கேட்டாரு, வாயால சரின்னேன். அம்புட்டுதான் டீச்சர்" என்றாள். அந்தத் தேர்தல் விவகாரத்தில் எனக்கு மகிழ்ச்சி தந்த ஒரே பதில் அது.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் அண்ணன் வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். புலிகளோடு நடந்த யுத்தம் முடிந்ததென்று தெருவெல்லாம் வெடி. அண்ணன் கடையில் தேசியக் கொடி கட்டியிருந்தான். பயத்தில் கட்டியது என்று அதை நான் மன்னித்தேன். வீட்டுக்குள் டீவி ஓடியது. வடக்கில் யுத்தத்திலிருந்து தப்பிய ஒரு தமிழ்ப் பெண் கழுத்தளவு தண்ணீரில் குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள்.

அண்ணன் மகன் கோழிக்காலைப் பிய்த்துக்கொண்டு, "நல்லா வேணும். நம்ம பேரைக் கெடுத்ததே இவங்கதான். இனிமே யாரும் நம்மள ஒரு மாதிரி பாக்கமாட்டாங்க" என்றான்.

"அந்தப் பிள்ளை என்னடா செஞ்சிச்சு?"

"அத்தை, வீட்டுக்குள்ள அரசியல் பேசாதீங்க."

"உங்க தாத்தாவை வாசல்ல வச்சு அறைஞ்சாங்களே, அது தெரியுமா?"

அவன் விழித்தான். தகப்பனைத் திரும்பிப் பார்த்தான்.

"பழசு எதுக்கு இப்ப?" என்றான் அண்ணன்.

இவனுக்கு யாருமே சொல்லவில்லை. லொறியைச் சொல்லவில்லை, அறையைச் சொல்லவில்லை, எங்களைக் காப்பாற்றியவளைச் சொல்லவில்லை. ஏளனம் மட்டும் தவறாமல் கைமாறி வந்திருக்கிறது. மேசையைச் சுற்றி மென்றுகொண்டிருந்த வாய்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து கை கழுவினேன். அண்ணி, "சோத்தை அப்பிடியே வச்சிட்டீங்களே" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பஸ் நிலையத்தில் சிங்களப் பையன்கள் வெற்றியைக் கொண்டாடித் தட்டுகளில் பாற்சோறு பங்கிட்டார்கள். ஒருவன் வாழையிலைத் துண்டில் ஒரு வில்லையை வைத்து என் கையில் திணித்தான். தமிழச்சியா என்று என் நெற்றியையும் உடுப்பையும் அளந்தான். நான் சாப்பிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கூப்பிடாமல் தானாக வந்த, பணிந்து பழகிப்போன சிரிப்பு. "ஸ்தூதி" என்று சிங்களத்தில் நன்றி சொல்லி அந்தப் பாற்சோறு முழுவதையும் அவன் முன்னால் தின்று முடித்தேன்.