டென்னிஸ் ஆட்டத்தில் மாரியப்பனைத் தேடினோம்

இன்று மதியம் சீவலப்பேரியிலிருந்து மாமாவும் அத்தையும் டவுன் பஸ் பிடித்து எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் மனைவியின் சித்தப்பா, சித்தி. அவர்கள் ஊருக்கு இன்னும் கேபிள் வரவில்லை.

அவர்கள் மகன் மாரியப்பனுக்கு சிங்கப்பூரில் ஒரு விளையாட்டு அரங்கத்தில் வேலை. ஊருக்கு வந்து நாலு வருடமாகிறது. அங்கே நடக்கும் டென்னிஸ் போட்டியில் இன்று ஆடுகளத்தின் ஓரமாக நிற்பேன், டிவியில் பாருங்கள் என்று போனில் சொல்லியிருக்கிறான்.

ஆட்டம் தொடங்கியது.

"எதுக்கு மாப்ளே கூரைக்குள்ள வச்சு வெளையாடுதாங்க?" என்றார் மாமா. புள்ளிக் கணக்கில் பதினைந்து, முப்பதுக்குப் பிறகு நாற்பத்தைந்து வராமல் ஏன் நாற்பது என்றும் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

திடீரென்று அத்தை எழுந்தார். "அந்தா, துண்டு வச்சிக்கிட்டு நிக்கான் பாருங்க."

"அவன் இல்ல. அங்கன கதவுப் பக்கம் நிக்கானே, அவன்தான்" என்றார் மாமா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாரியப்பனை நேரில் பார்த்ததே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் அவனே எங்கள் வீட்டுக்குப் போன் செய்தான்.

"பாத்தோம்லே, நல்லா தெரிஞ்ச" என்றார் மாமா.

அத்தை ரிசீவரை வாங்கி, "என்ன கலர் சட்டை போட்டிருந்தலே?" என்று பைய கேட்டார். நீலம் என்றானாம். டிவியில் பார்த்த இரண்டு பேருமே நீலச் சட்டைதான்.

"புள்ள மெலிஞ்சிட்டான்" என்று அத்தை கண்ணைத் துடைத்தார். "நல்லா சதை போட்டிருக்கான்" என்றார் மாமா. சந்தோஷமாக பஸ் ஏறிவிட்டார்கள்.

ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், யார் ஜெயித்தது? எங்கள் வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.