கிணற்றடிக் கற்களும் ஒரு திருத்தச் சீட்டும்

போன வாரம் மகள் ஒரு பெரிய புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். உலகத்துப் பழம்பெரும் இடங்களைப் பற்றியது. மடியில் வைத்தால் கால் மரத்துப் போகும் கனம். எந்தப் புத்தகத்தையும் முதலில் மோந்து பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இதில் வாசனையே இல்லை. ஆனால் நடுவில் ஒரு படம்: ஓமான் நாட்டு மலையடிக் கிராமம், ஓடும் வாய்க்கால், வெட்டவெளியில் நட்ட ஒரு கம்பு, அதன் நிழல். பார்த்ததும் மூக்கில் மரச்சீனிக் கிழங்கு மாவுப் பசை மணத்தது. மகளிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். உங்களிடம் சொல்லலாம்.

என் இளம் வயதில், மலையாள எல்லையோரப் பாறசாலைச் சந்தைக்குப் பின்னால் எஸ்தர் டீச்சரின் அச்சகம் இருந்தது. பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு அச்சகம் வைத்தவர். மிஷன் சபைக் குடும்பம். சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். கல்யாணக் காகிதமும் சபை அறிக்கையும் அடித்துக் கொடுத்தது போக மிச்ச நேரமெல்லாம் டீச்சர் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார். ‘உலகம் நம்ம முற்றத்தில்’ என்று வரிசைக்குப் பெயர். மலையில் படிபடியாக வயல் வெட்டுகிறவர்கள், மண்ணால் மாடி வீடு கட்டுகிறவர்கள், நெல் வயலிலேயே மீன் வளர்க்கிறவர்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம். செங்கல் ஊர்க் கோயில் திருவிழாவிலும் பூவார் மீன் சந்தையிலும் வைத்து விற்போம். நான் பி.ஏ. முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருந்த பேர்வழி. எழுதுவது, வெட்டுவது, பிழை பார்ப்பது என் பொறுப்பு. வெட்டுவதில் எனக்கு அசாத்தியத் திமிர்.

“எனக்க புஸ்தகம் வாசிச்சு ஒருத்தராவது எழும்பி ஒரு காரியம் செய்யணும் மக்கா. இல்லெங்கி இது வெறும் கடலாசுத் தாளாக்கும்” என்பார் டீச்சர்.

விஷயம் எங்கிருந்து கிடைத்தது என்றால், கல்ஃப் கடிதங்களிலிருந்து. வீட்டுக்கு ஒருவன் கடல் கடந்து போய்க்கொண்டிருந்த காலம். அங்கே தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள், வீடு எப்படிக் கட்டுகிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள் என்று டீச்சர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பெண்கள் அத்தர் மணக்கும் கடிதத்தோடு வருவார்கள். சொந்த விஷயம் இருக்கிற பகுதியை மடித்து, மடிப்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் காட்டுவார்கள். விரலுக்கு மேலே உள்ளதை நான் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். விரலுக்குக் கீழே என்ன இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

அப்படி வந்தவள்தான் தங்கம். புருஷன் நேசையன் கொத்தனார், ஓமானில் வேலை. நிலச் சீர்திருத்தத்தில் தங்கத்துக்கும் பக்கத்து நான்கு குடிசைக்காரர்களுக்கும் அவரவர் குடியிருந்த பத்து சென்ட் சொந்தமாகியிருந்தது. பழைய நிலக்காரரான ஜென்மியின் கிணறு ஒன்று. அளந்து பிரித்தபோது அது தங்கத்தின் பத்து சென்டுக்குள் விழுந்துவிட்டது. யார் எப்போது இறைப்பது என்று முன்பு ஜென்மியின் காரியஸ்தன் சொல்வான். இப்போது சொல்ல ஆளில்லை. கும்ப மாதம், அதாவது மாசி, வந்து ஊற்று சுருங்கினால் ஐந்து வீட்டு வாளியும் ஒரே கயிற்றுக்குச் சண்டை போடும்.

நேசையனின் கடிதத்தில் அதற்கு வழி இருந்தது. அங்கே ஒரு வாய்க்கால் தண்ணீரை ஊரே பங்கிடுகிறது. கம்பின் நிழல் இந்தக் கல்லைத் தொட்டால் இன்னாருக்கு, அடுத்த கல்லைத் தொட்டால் அடுத்தவருக்கு. யாரும் யாரையும் கேட்க வேண்டாம். முப்பத்திரண்டு பக்கத்தில் புத்தகம் போட்டோம். கும்பத்தில் தங்கம் முற்றத்தில் ஒரு பாக்குமரக் கம்பு நட்டு, அதற்கு வடக்கே கற்களை வரிசையாக வைத்தாள். ஐந்து வீடும் நிழலைப் பார்த்துத் தண்ணீர் இறைத்தது. டீச்சர் தினமும் ஒரு சாக்குச் சொல்லி அந்த வழியாகப் போய் வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

சித்திரை விஷு கழிந்த நாலாம் நாள் பக்கத்து வீட்டு ராஜம்மா அச்சகத்துக்கு வந்து புத்தகத்தை என் மேசையில் எறிந்தாள்.

“சாறே, அவ கல்லை நவுத்துதா! நிழலு இப்பம் கல்லுல தொடவே இல்ல. கெணறு அவளுக்க பறம்புல கெடக்குல்லா, அதுக்க தைரியமாக்கும்!”

மீனத்திலிருந்தே, அதாவது பங்குனியிலிருந்தே, நிழல் கற்களை விட்டு விலகி வந்திருக்கிறது. தங்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைத் தள்ளி வைக்கிறாள் என்று நான்கு வீடும் முடிவு கட்டிவிட்டது. தங்கம் சொந்தக் கிணற்றை விட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் கனால் வாய்க்காலுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். சபையில்கூட அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

டீச்சரும் நானும் விடிந்ததும் போய்க் கம்பின் அருகே குடை பிடித்து உட்கார்ந்தோம். உச்சி வேளையில் டீச்சர் எழுந்து நின்றார். கற்கள் வடக்கே இருந்தன. நிழல் கம்புக்குத் தெற்கே, சின்னதாகக் கிடந்தது.

“தங்கம், அந்தக் கடிதத்தை எடுத்துட்டு வா.”

அவள் கொண்டு வந்தாள், மடிப்பைப் பிடித்தபடியே. மடிப்புக்கு மேலே, நான் பார்த்து எழுதிய பகுதியில், தெளிவாக ஒரு வரி: ‘இஞ்ச நட்ட உச்சிக்கும் நிழலு வடக்கோட்டாக்கும். நம்ம ஊரு மாதிரி சித்திரை மேடத்துல தெக்கோட்டு மாறாது.’ வீடு கட்டுகிறவனுக்கு வெயிலின் போக்கு தெரியாமல் இருக்குமா? வெயில் கதை எதற்கு என்று அந்த வரியை வெட்டியவன் நான். டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தப் பார்வை எனக்கு முன்னால் வந்து நிற்கும்.

தங்கம் கடிதத்தைப் பார்க்கவில்லை, நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கல்லை ஒத்தையா வைச்சதுதானே தப்பு? ஒவ்வொரு கல்லையும் வடக்குந்தெக்குமா நீட்டி வரியா வைச்சா, நிழலு எந்தப் பக்கம் போனாலும் வரியைத் தாண்டாம எங்க போவும்?” என்றாள். அன்று மாலைவரை மூவரும் கல் சுமந்தோம். நிழல் வரி வரியாகத் தாண்டிப் போனது. இந்தப் புத்தி பி.ஏ. படித்த எனக்கு வரவில்லை.

அச்சகத்துக்குத் திரும்பியதும், என் பெயரைப் போட்டுவிடுங்கள் டீச்சர் என்றேன்.

“அட்டையில எனக்க பேருல்லா கெடக்கு. நீ அச்செழுத்தைக் கோரு.”

கையகலச் சீட்டு. அதில் அவர் சொன்னபடி நான் அடுக்கியது: ‘கல்லை யாரும் நகர்த்தவில்லை. நம் நாட்டில் மேடத்தில் நிழல் தெற்கே போகும். அதைச் சொல்லாமல் விட்ட தவறு பதிப்பாளருடையது. கற்களை வடக்குத் தெற்காக வரியாக வைக்கவும். இந்த முறையைக் கண்டவர் தங்கம்.’

புத்தகம் வாங்கியவர்கள் வீடுவீடாகப் போய் ஒட்டினோம். செங்கல், பூவார், கள்ளிக்காடு வரை. நான் மரச்சீனி மாவுப் பசை வாளியோடு பின்னால், டீச்சர் முன்னால். “ஒரு தப்பு பற்றிப்போச்சு, திருத்தித் தர வந்தேன்” என்பார் ஒவ்வொரு வாசலிலும், வெட்கமே இல்லாமல். நெய்யாற்றின்கரையில் ஒருவர் எங்களைப் பிச்சைக்காரர்கள் என்று நினைத்து அரிசி கொண்டு வந்தார். ஆனால் முதல் சீட்டு ஒட்டியது ராஜம்மாவின் புத்தகத்தில்தான். அவளுக்கு வாசிக்க வராது. என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு கிணற்றடிக்குப் போய், முதல் வாளி இறைத்து, தங்கத்தின் வெறும் குடத்தில் ஊற்றினாள்.

“ஏட்டி, இனி நீ கனாலுக்குப் போனா நான் பிணங்குவேன்” என்றாள்.

மறு வருடம் எனக்கு விசா வந்தது. திரும்பி வந்தபோது அச்சகம் இருந்த இடத்தில் பேக்கரி. அந்த ஐந்து பத்து சென்ட் மனைகளிலும் கல்ஃப் வீடுகள், வீட்டுக்கு வீடு மோட்டார், யாருக்கும் யாருடைய முறையும் தேவையில்லை. கிணற்றை மூடி அதன்மேல் கார் நிறுத்துகிறார்கள். தங்கம் இறந்த பிறகு துக்கம் கேட்கப் போனேன். அவளுடைய மகள் வேதப்புத்தகத்தைத் திறந்து காட்டினாள். நாங்கள் போட்ட புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். அந்தச் சீட்டு மட்டும் உள்ளே பத்திரமாக இருந்தது. “அம்மா சாவுறதுவரை டீச்சருக்கு வேண்டி பிரார்த்திப்பா. தப்பு செய்தவங்க வீடு தேடி வந்து சொன்னாங்கல்லாண்ணு” என்றாள்.

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மகள் கொடுத்த பளபளப்புப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தேன், ஒரு திருத்தமும் இல்லை. அதனால் என்னுடையதை இங்கே எழுதி வைக்கிறேன்: அந்த வரியை வெட்டியது டீச்சர் அல்ல, நான். இதை எந்த வாசலில் போய்ச் சொல்ல வேண்டுமோ, அந்த வாசலில் இப்போது தங்கம் இல்லை.