படிப்பால் வந்த பிரஷர்

தேசூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு எனக்கு உத்தரவு வந்தது. சேர்வதற்கு உடல்தகுதிச் சான்று வேண்டும். ஆரணி ஆஸ்பத்திரி டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து முகம் சுளித்தார். இந்த வயதிலேயே பிரஷர். தினமும் மாத்திரை போடு, உப்பைக் குறை, இறங்கினால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்த மிதப்பு எனக்கு நிறையவே உண்டு. அப்பாவுக்கு அது எப்போதும் உறுத்தல்.

"எப்பப் பாத்தாலும் பொஸ்தகத்தயே பாத்துகினு இருந்தா நரம்பு தாங்குமா? வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஊட்டோட கெட," என்றார் தறியில் உட்கார்ந்தபடியே.

அம்மா எனக்கென்று தனிச்சட்டியில் உப்பில்லாமல் குழம்பு எடுத்துவைப்பாள். ஒருநாள் அதில் உப்பு தெரிந்தது. எனக்குச் சான்று கிடைக்கக் கூடாதென்று அப்பாதான் போடச் சொன்னாரோ?

"உப்பு போட்டியாம்மா?"

"ஒரு சிட்டிகடி. வாயில வெக்க முடியாதத துன்றியேன்னு பாவமா இருந்துச்சு."

நான் நம்பவில்லை. அதன்பின் அவள் அடுப்பருகே போனாலே நானும் போய் நின்றேன்.

"நீ போலீசுக்குப் போயிருக்கணும்டி," என்று சிரித்தாள்.

இன்னொரு சந்தேகத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. படித்ததால்தான் வந்தது என்று அப்பா சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்?

அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் துணைக்கு வந்தாள். எனக்குப் பிரஷர் இறங்கியிருந்தது. "எங்கம்மாவுக்கும் பாருங்க சார்," என்றேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. பார்த்தால், எனக்கு முதலில் இருந்ததைவிட அவளுக்கு அதிகம்.

"நான் இன்னாடி படிச்சேன்?" என்றாள்.

டாக்டர் என் சான்றில் கையெழுத்துப் போட்டார். அம்மாவுக்கும் மாத்திரை எழுதி, இரண்டு பேரும் நிறுத்தவே கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஜெயித்த குரலில் கேட்டேன், படிப்பால் வருகிற நோய் அம்மாவுக்கு எப்படி வந்ததென்று. அவர் தறியை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"ஒன்கிட்டேருந்து ஒட்டிகிச்சி. ஒரே ஊட்லதானே கீறோம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஒட்டற நோவுன்னா ஒங்களுக்கும் வந்துரும். ஜல்தியா தேசூருக்கு அனுப்பிவுடுங்க அவள."

அப்பா மறுபடி நெய்ய ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தேசூர் பஸ்ஸில் ஏறுமுன் அம்மாவிடம் கேட்டேன், "மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"எங்க, வாயத் தொற."

"பஸ்ஸ வுட்ருவ, போடி," என்றாள். வாயைத் திறக்கவில்லை.