கல்லில் அம்மாவுக்கு இடமில்லை

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தரம் எழுந்து போயிருக்கிறேன். அண்ணன் உயிரோடு இருக்கும்போது வீட்டுக் கதையைத் தெருவில் வைக்கலாமா என்று என் வீட்டுக்காரி கேட்பாள். பல வருஷம் ஜெபித்துப் பார்த்தேன், மனசு ஆறவில்லை. படிப்பு எனக்குக் கம்மி. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்தவர், தான் பெற்ற அண்ணன் தவழுகிற வயசிலேயே காய்ச்சலில் போய்விட்டார். பிறகு வந்தவள் என் அம்மா. அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் காக்ஸ் டவுன் வீட்டில் அவள் சமைக்கவே பழகினாள். நான் பிறந்த பிறகும் முதல் தட்டு அவருக்குத்தான். இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகும்வரை அவரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

அப்பா இறந்தபோது அவரை மூத்த தாரத்தின் கல்லறைக் குழியிலேயே வைத்தோம். எங்கள் சபையில் குடும்பத்துக்கு ஒரு குழி. வருஷங்கள் போனபின் அதைத் திறந்து, பழைய எலும்பைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரை இறக்குவார்கள். கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அம்மா, "நான் வந்தா அக்கா கொஞ்சம் நகுந்து எடம் குடுக்கணும்" என்று சிரிப்பாள். தான் பார்த்தே இராத மூத்தவளை அவள் அக்கா என்றுதான் சொல்வாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் லீவில் வந்தார். அம்மா வாசலுக்கு ஓடினாள். "எப்படி இருக்கீங்க சின்னம்மா?" என்றார். அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள், யாரைக் கேட்கிறார் என்று.

அவர் இருந்தது லண்டன் இல்லை, ஒரு சின்ன கிராமம். நடுவில் பழைய கோயில், சுற்றிக் கொஞ்சம் வீடு. அந்தச் சபையில் ரிட்டயர் ஆனவர்கள் கூடி, கல்லறைகளின் பாசியைச் சுரண்டி, யார் யாருக்குப் பிள்ளை என்று ஊர்ச் சரித்திரம் எழுதுவார்களாம். அண்ணனும் அதில் சேர்ந்து, நம் குடும்பத்தையும் எழுத ஆரம்பித்திருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தார். கிளை கிளையாகப் பெயர்கள்.

"என் பேரு எங்க கண்ணு?"

"உங்க கல்யாணத்துக்கு சர்ட்டிபிகேட் இருக்கா சின்னம்மா?"

"கோலார் பக்கம் ஒரு உபதேசியார் ஜெபம் பண்ணி வச்சாரு. அந்தக் கோயிலே இப்ப இல்லியேப்பா."

"ஆதாரம் இல்லாம அங்க ஒரு பேரும் ஏத்த மாட்டாங்க."

"உனக்குச் சோறு ஊட்டினேனே, அதுக்கும் ஆதாரம் வேணுமா?" என்று அம்மா சிரித்தாள்.

"அதை ஆயாகூடச் செய்வா."

"அண்ணா, பாத்துப் பேசுங்க" என்றேன்.

"நீ சும்மா இருடா. அவன் படிச்சவன்" என்று என்னை அடக்கிவிட்டு, அவர் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தாள்.

குழிமேல் கிரானைட் போடுகிறேன் என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அவள் பொறுப்பில் இருந்த குழியை, தானே சபை ஆபீசுக்குப் போய் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாள். "நாளைக்கு என்னை அடக்கம் பண்ணப்போறவன் மூத்தவன்தானே" என்றாள்.

கல் பதித்த அன்று சபைப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். "இன்னாக்கா, லண்டன் புள்ள உனக்கு மாளிகையே கட்டிட்டான்" என்றாள் பக்கத்து வீட்டு அம்மா. "உன் புள்ளையையும் அனுப்பேன், யாரு வேணான்னாங்க" என்று அம்மா பதில் கொடுத்துக்கொண்டே கல்லைக் கழுவினாள். எழுத்து இங்கிலீஷ். ஒரு டீச்சர் படித்துச் சொன்னார்: அப்பா பெயர், அவருடைய அன்பு மனைவி என்று மூத்தவர் பெயர், கல்லை எழுப்பியவர் அவர்களின் ஒரே மகன்.

"ஒரே மகனா? அப்போ சின்னவன்?"

"அவங்க ரெண்டு பேருக்கும் நான் ஒருத்தன்தானே சின்னம்மா. சரித்திரம்னா சரியா இருக்கணும்."

"அப்போ இவங்க யாரு, வேலைக்காரியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். அம்மா ஈரத்துணியைப் பிழிந்து, கல்லின் கீழே எழுத்தில்லாத பாகத்தை மெதுவாகத் துடைத்தாள். "இங்க எடம் இருக்கு. எனக்கு இது போதும்."

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். கல்லை எடுக்க, குழி யார் பெயரிலோ அவர் சம்மதம் வேண்டும் என்றார்கள். ஐஎஸ்டி பூத்துக்கு ஓடினேன்.

"எடுத்தா உடைஞ்சிடும்டா. அந்தக் கல்லு போட்டோ எங்க சபைப் பத்திரிகையில வந்திருக்கு. வேற எடம் பாரு, செலவை நான் குடுத்துடறேன்."

"அண்ணா, அம்மாண்ணா."

"உன் அம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

வைட்ஃபீல்ட் தாண்டி ஒரு புதுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பக்கெட்டால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். அப்படியும் பெட்டி சேற்றில்தான் இறங்கியது. தெரிந்தவர் ஒருவர் கல்லறையும் அங்கே இல்லை. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வந்துவிட்டது. நான் மெழுகுவர்த்தி ஏற்றும்போது பால்கனியில் நின்று பார்க்கிறார்கள்.

அண்ணன் எழுதியது அந்த கிராமத்துக் கோயிலில் புத்தகமாக இருக்கிறதாம். எங்கள் சொந்தத்துப் பிள்ளைகளே அதை ஜெராக்ஸ் எடுத்து, இதுதான் நம் வம்சம் என்கிறார்கள். கர்த்தருக்கு ஆதாரம் தேவையில்லை. மனுஷர்களுக்குத் தேவையாக இருக்கிறது. அம்மா பெயரை நான் இங்கே எழுதவில்லை, அது அந்தக் கல்லில் இருக்க வேண்டிய பெயர். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அண்ணனைத் திட்டி ஒரு வார்த்தை சேர்க்கவேண்டாம், அம்மா அதைத் தாங்கமாட்டாள். அவரை வளர்த்தவள் அவள்தான் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.