பாஜிலா வேலை பார்க்கும் மோதிரக் கம்பெனி

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருவில் குடியிருந்துகொண்டு போனில் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் கத்தித்தான் ஆக வேண்டும். பாஜிலா மூன்று வருடமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.

"பத்தொன்பதாம் நம்பர் ஆளு மோதிரத்த அவரே கழட்டிட்டாரு மேடம்! முப்பதாம் நம்பருக்கு மோதிரம் நழுவிட்டு! லேசா வீக்கம்!"

கடையநல்லூர்க்காரி. பி.ஃபார்ம் படித்தவள். சென்னையில் இருக்கிற கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை. ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில், எச்.ஐ.வி. பரவுவதைக் குறைக்க, வளர்ந்த ஆண்களுக்குச் சுன்னத் செய்து வந்தார்கள். தையல் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி, ஒரு வாரம் கழித்துக் கழற்றிவிடுவார்கள். அதில் யாருக்கு வீக்கம், யாருக்கு ரத்தக் கசிவு, யாருக்குப் புண் ஆறவில்லை என்று வரும் படிவங்களைப் படித்து வகை பிரிப்பது பாஜிலாவின் பொறுப்பு.

இதை மாமியாரிடம் எந்த வாயால் சொல்வது? துபாயில் இருந்த கணவன் அஃப்ரோஸ்தான் வழி சொன்னான். "உம்மாட்ட மோதிரக் கம்பெனின்னு சொல்லிரு. ரிங்குன்னா மோதிரந்தான? பொய்யும் இல்லல்லா."

மாமியார் ஆமினாள் அதைத் தங்க மோதிரம் என்றே எடுத்துக்கொண்டாள். கழற்றினான், நழுவியது என்று காதில் விழுந்ததெல்லாம் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆமினாள் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நடுவீட்டில் உட்கார வைத்தாள். முன்னால் இருந்தவள் பக்கத்து வீட்டுத் தறிக்காரி ஆறுமுகத்தாய்.

"ஏ புள்ள பாஜிலா, உங்க கம்பெனில வேலை பாக்குறவங்களுக்குன்னு விலை கொறச்சுத் தருவாவல்லா? எல்லாருக்கும் அளவெடுத்துக்கோ."

பாஜிலாவுக்கு வேர்த்துவிட்டது. "மாமி, அது வந்து..."

அதற்குள் ஆறுமுகத்தாய் தறி நூலை விரலில் சுற்றி நீட்டிவிட்டாள். "கொஞ்சம் லூசாவே எழுதிக்கோ தாயி. இறுக்குனா வலிக்கும்லா. ஒரு சைஸ் கூட இருந்தா நல்லது."

பாஜிலா அப்படியே நின்றாள். ஒரு மாதமாக அவள் மண்டையைக் குடைந்த விஷயம் ஒன்று இருந்தது. அந்த ஆப்பிரிக்க நாட்டில் பன்னிரண்டு கிளினிக். பதினொன்றில் மாதத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோதான் தொந்தரவு. ஒன்றில் மட்டும் வாரத்துக்கு நாலு பேருக்கு வளையம் நழுவி வீங்கியது.

"ஒரு சைஸ் கூட!" என்று கூவிவிட்டு உள்ளே ஓடினாள். லேப்டாப்பில் அளவுப் பட்டியலைத் திறந்தாள். மற்ற கிளினிக்குகளில் எல்லா அளவும் கலந்து இருந்தன. இந்தக் கிளினிக்கில் பெரிய அளவுகளாகவே வரிசை கட்டி நின்றன. கம்பெனி டாக்டர் மீனலோசினியை அழைத்தாள். வழக்கம்போல் தறிச் சத்தத்துக்கு மேல் கத்த ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. தெருவில் அத்தனை தறியும் ஒன்றாக நின்றன. பாஜிலாவின் குரல் நிற்கவில்லை.

"வலிக்கக் கூடாதுன்னு லூசா மாட்டுதாவ மேடம்! சுன்னத் மோதிரத்தத்தான் சொல்லுதேன்! ஆம்பளைங்களுக்கு மாட்டுறது!"

பாஜிலா மெல்ல நடுவீட்டை எட்டிப் பார்த்தாள். ஆறுமுகத்தாய் விரலில் இருந்த நூலைத் தேள் கொட்டினவள்போல உதறிக்கொண்டிருந்தாள். ஆமினாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பாஜிலா பதறி ஓடினால், மாமியார் சிரிப்பு தாங்காமல் சுவரில் சாய்ந்து கிடந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தொற்றிக்கொண்டது. ஒருத்திக்கு விக்கலே வந்துவிட்டது.

"மூணு வருஷமா என்னைய ஏமாத்திட்டியட்டி!" கண்ணைத் துடைத்துக்கொண்ட ஆமினாளுக்கு, எச்.ஐ.வி. முதல் எல்லாவற்றையும் பாஜிலா விளக்கினாள். ஆமினாள் கேட்டாள், "சரி, அத மாட்டுனா அந்த நோய் வராதாக்கும்?"

"பொம்பளைங்ககிட்ட இருந்து ஆம்பளைக்கு வாற வாய்ப்பு பாதிக்கு மேல கொறையும் மாமி. முழுசா நிக்காது. காண்டமும் வேணும்."

காண்டம் என்றதும் இன்னொரு முறை வீடே அதிர்ந்தது.

டாக்டர் மீனலோசினி அன்றே அந்த நாட்டுக்கு எழுதினார். விசாரித்தால், ஒரு நர்ஸ் இரக்கப்பட்டு எல்லாருக்கும் ஒரு அளவு கூட்டி மாட்டியிருந்தது தெரிந்தது. மறுபடி பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த மாதப் படிவங்களில் அந்தக் கிளினிக்கில் நழுவியது ஒன்றே ஒன்று. அதுவும் ஏழு நாள் பொறுக்காமல் ஃபுட்பால் ஆடப் போனவருக்கு. பாஜிலா எழுந்து நின்று தனியாகக் கைதட்டினாள்.

அந்த மாதமே கடையநல்லூரில் ஒரு கல்யாணம். பெண்கள் பந்தியில், மருமகளுக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டார்கள். பாஜிலா தட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆமினாள் கறித்துண்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுதேன் கேளுங்க. ஆப்பிரிக்காவுல ஆயிரக்கணக்கான ஆம்பளைங்க பத்திரமா நடமாடுதாவன்னா, அது எம் மருமவ பாத்துச் சொல்லுததுனாலதான். எதுலன்னு கேக்கியளா?"

பந்தி மொத்தமும் சாப்பாட்டை நிறுத்திக் காது கொடுத்தது.