சீருக்குக் கட்டிய வரி

போர்வெல் தோண்டும் எங்கள் ரிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அன்புச்செல்விக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. தை மாதம் அவள் மகள் யுவஸ்ரீக்குக் கல்யாணம் நடந்தபோது, தாய்மாமன் இடத்தில் நின்று மூன்று பவுன் சங்கிலியைச் சீராகப் போட்டவர் எங்கள் முதலாளி நாச்சிமுத்து. திருச்செங்கோட்டில் முதலாளிகளுக்குப் பஞ்சமில்லை. இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கே கண் கலங்கிவிட்டது. ஸ்டோர் பார்க்கிற இந்த ஆண்டி அவ்வளவு லேசில் கலங்குகிற ஆள் இல்லை என்று ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்குப் பிறகும் அன்புச்செல்வி என்னவோ அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டாள்.

ஆனால் மனுஷன் சங்கிலியைக் கம்பெனிக் காசில் வாங்கிவிட்டார். கம்பெனி தன் ஆட்களுக்கோ அவர்கள் வீட்டாருக்கோ பொன்னோ பொருளோ பெரிதாகக் கொடுத்தால் அது சம்பளத்தோடு சேர்ந்த சலுகை, அதற்கு வரி உண்டு. மே முப்பத்தொன்றுக்குள் வருமான வரி ஆபீஸுக்குப் போகிற சம்பள ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். அந்த ரிட்டர்னைப் போடுகிறவளும் அன்புச்செல்விதான். காட்டினால் அவர் மனசு நோகும், காட்டாவிட்டால் அவருக்கே வம்பு. அவளுக்கு வாய்த்த சோதனையைப் பாருங்கள்.

கடைசி நாள் காலையில் அவர் அறைக்குப் போய்ச் சொன்னாள். நான் ஒரு கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தேன்.

“சீரைக் கொண்டுபோய்ச் சம்பளத்துல எழுதுவியா?” அவர் முகம் சுண்டிப்போனது. “சபையில அண்ணன்னு நின்னேன். அது கூலியா சாமி?”

“இல்லீங்கய்யா. பில்லு கம்பெனி பேருல இருக்குதுங்க. மறைச்சா நாளைக்கு உங்களத்தான் கேப்பாங்க.”

“இந்த ஐயாவ மட்டும் உடமாட்டே. சரி, வரி யாரு கட்டறது?”

“எஞ்சம்பளத்துல புடிச்சுக்கலாமுங்க.”

“சீர் வெச்சவனே திருப்பிப் புடுங்கறதா? அப்படியொரு ரிட்டர்னே வேண்டாம், போ!”

அவள் போகவில்லை. கல்யாணத்தில் கிடைத்த அண்ணன் இதோடு போய்விடுவாரோ என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. இதற்கு வழி இருந்தது. முந்தின நாள் ஆடிட்டர் அவளிடம் போனில் சொன்னதைப் பக்கத்தில் இருந்து நானும் கேட்டேன். அதை அவள் சொல்லமாட்டாள். கேட்டு வாங்கின மாதிரி ஆகிவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க, அந்த வரியக் கம்பெனியே கட்டிக்கலாமுன்னு சட்டத்துல இருக்குதுங்க. ஆடிட்டரே சொன்னாருங்க. இந்தப் புள்ள வாயத் தொறக்காதுங்க!”

முதலாளி அவளையே பார்த்தார். கோபமெல்லாம் எங்கே போனதோ, சிரித்துவிட்டார்.

“அட கிறுக்கு! அதையும் சீரோட சேத்துக்க. மொதல்லயே சொன்னா என்ன?”

வரியையும் தாமதத்துக்கான வட்டியையும் கம்பெனி கட்டியது. சாயங்கால டீ வருவதற்குள் ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. சங்கிலியும் அதில் உள்ளபடியே இருந்தது.

அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது அன்புச்செல்வி கார்வரைக்கும் போனாள். நன்றி சொல்லத்தான் போனாள்.

“போயிட்டு வாங்கண்ணா” என்றாள்.

ஏறப் போனவர் கார்க் கதவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

“வாரேன் தங்கச்சி.”